முனிக்கு நேர்ந்துவிட்ட சேவல்

என் தாத்தா ஒரு பயந்தாங்கொள்ளி. செத்துப்போன மனிதரைப் பற்றி இப்படித் தொடங்கக் கூடாதுதான். ஆனால் அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். பலாங்கொடையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் பஸ்ஸில், ஒவ்வொரு வளைவுக்கும் டிரைவரிடம் "மாத்தயா, ஹெமின் யன்ன" என்று மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே வருவார். மழை பெய்தால் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைப் போய்ப் பார்ப்பார். வெயில் அடித்தால் பீலிக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டதா என்று பார்ப்பார். நான் இரண்டு முறை தும்மினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. என் சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டதால் நானும் அம்மாவும் தாத்தா வீட்டில்தான் இருந்தோம். ஆக, அவர் பயப்படுவதற்கு ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் அந்தப் பயத்தை அவர் வீட்டில் வைத்துக்கொண்டதில்லை. எடுத்துக்கொண்டு போய் முனியிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலைக்குப் பின்னால், ஒரு பலா மரத்தடியில், கல்லும் சூலமுமாக இருக்கிறவர் ரோதமுனி. ஆலைச் சக்கரங்களுக்கு அவர்தான் காவல். தாத்தா அந்த ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷினில் நின்றவர். அதனால் முனி அவருக்குச் சாமி என்பதைவிட கூட வேலை செய்கிற ஆள் மாதிரி. உருகிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. போய் நின்று பேசுவார். சில நாள் சண்டை போடுவார். "நேத்தே சொன்னேன்ல, காதுல விழலையா ஒனக்கு?" என்பார். கோபம் கூடினால் சிங்களத்தில் திட்டுவார். ஏன் தாத்தா என்று கேட்டால், "அவரு இங்கயே பொறந்தவரு பாப்பா, ரெண்டு பாஷையும் தெரியும்" என்பார்.

நேர்ச்சையிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. என் பரீட்சைக்குக் கற்பூரம். மாமா கொழும்புப் பக்கம் வேலைக்குப் போனதற்குத் தேங்காய். அம்மாவின் கால் முறிவுக்கு மூன்று தேங்காய் என்று சொல்லி, கால் சரியானதும் ஒன்றோடு முடித்துக்கொண்டார். சேவல் என்பது உயிர் சம்பந்தமான காரியங்களுக்கு மட்டும். நாங்கள் எல்லோரும் அவரைக் கேலி செய்தபடி தைரியசாலிகளாகத் திரிந்தோம். எங்களுக்கும் சேர்த்துப் பயப்பட வீட்டில் ஒருவர் இருந்ததால்தான் அது முடிந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கல்யாணமாகி நான் பலாங்கொடை டவுனுக்கு வந்துவிட்டேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இருக்கிறார். இரண்டு முறை எனக்குப் பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. மூன்றாவது முறை நாள் தள்ளிப் போனதும் அம்மாவிடம் சொன்னேன், அம்மா தாத்தாவிடம் சொன்னாள். அன்றே தாத்தா கோழிக் குஞ்சுகளில் சிவப்பாக இருந்த ஒரு சேவல் குஞ்சைப் பிடித்து, காலில் மஞ்சள் நூல் கட்டி, முனியிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். "புள்ளைய பத்திரமா வெளிய கொண்டாந்து குடு. இவன் ஒனக்கு." இவ்வளவுதான் ஒப்பந்தம். பிள்ளை பிறந்ததும் சேவலைக் கொடுக்க வேண்டும். அதுவரை அதை யாரும் தொடக் கூடாது.

அந்தச் சேவல் வளர்ந்த வளர்த்தியைப் பார்க்க வேண்டும். சாமிக்கு விட்டது என்பதால் அடிக்க ஆளில்லை, விரட்ட ஆளில்லை. அடுப்படிக்குள்ளே வந்து அரிசிச் சுளகில் ஏறி நிற்கும். தாத்தா எனக்கு போன் எடுத்தால் முதலில் அதன் சேதிதான். "சாவல் நல்லா இருக்கான். நீ எப்புடி இருக்க?" எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் கோபமும் வரும். அவருக்கு அது ஒன்றுதான். சேவல் திடமாக இருந்தால் பிள்ளையும் திடமாக இருக்கிறது.

எனக்கு ஆறு மாதம் ஆகியிருந்தபோது, ஒரு காலையில் பீலியில் முகம் கழுவிவிட்டு வந்த தாத்தா, நெஞ்சு கரிக்கிறது, இஞ்சி போட்டுத் தேத்தண்ணி தா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். தண்ணீர் கொதிப்பதற்குள் போய்விட்டார்.

என்னை விடவில்லை. பிள்ளைத்தாச்சி இழவு வீட்டுக்குப் போகக் கூடாது, பிணத்தைப் பார்க்கக் கூடாது. அதுவும் இரண்டு தடவை இழந்தவள். அம்மா போனில் அழுதுகொண்டே, "நீ வந்தா நான் ஒன்ன வாசல்லயே திருப்பி அனுப்புவேன்" என்றாள். என் வீட்டுக்காரர் மட்டும் போனார். போனில் வீடியோ போட்டுக் காட்டுகிறேன் என்றார். அந்த மலையில் சிக்னல் எப்போது கிடைத்திருக்கிறது? தப்பு மேளச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. கறுப்புக் குடைகள் தெரிந்தன. யாருடைய முதுகோ தெரிந்தது. அப்புறம் படம் நின்றுவிட்டது. பெட்டிக்குள் தாத்தா இருந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சரி என்று கேட்டுக்கொண்டேன்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. மறுநாள் வீடு கழுவி, விரதம் விட்டு, கவிச்சி சமைப்பார்கள். அதற்கு நான் வரலாம் என்று அம்மா சொன்னாள். போனேன். தாத்தா உட்காரும் இஸ்தோப்புத் திண்ணை மூலையில் மாமா உட்கார்ந்திருந்தார், மொட்டைத் தலையோடு. மாமா அம்மாவின் தம்பி. தாத்தாவுக்கு ஒரே மகன், காரியம் செய்தவரும் அவர்தான். கொழும்புப் பக்கம் வத்தளையில் வேலை. வருஷத்துக்கு இரண்டு முறை வருவார், வந்தால் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்வார். அன்றைக்கும் விடியற்காலையிலேயே எழுந்து, யாரையும் எதிர்பார்க்காமல் சமையலில் இறங்கியிருந்தார். மிளகு தூக்கலாகப் போட்ட கோழிக் குழம்பு. முதலில் தாத்தாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தார்கள். பிறகு மாமா எனக்கே எனக்கென்று தொடையை எடுத்து வைத்தார். "ரெண்டு உசுருக்குத் திங்கணும் பாப்பா, வெக்கப்படாத." பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்குச் சாப்பாடு வயிற்றில் நின்றது. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கினேன்.

சாயங்காலம் அம்மா கோழிக் கூட்டை அடைக்கப் போனாள். அங்கிருந்தே கேட்டாள்.

"சாவல் எங்கடா?"

"எந்தச் சாவல்?" என்றார் மாமா.

அம்மா அடுப்படிக்குப் பின்பக்கம் ஓடினாள். சுடுதண்ணீர் ஊற்றி உரித்த இறகுகள் தண்ணீர் ஓடும் கானில் ஒதுங்கிக் கிடந்தன. அதைக் கையால் கிளறி, சேறு பிடித்துக் கறுத்துப்போன ஒரு நூல் துண்டை எடுத்து வந்தாள். கழுவியதும் மஞ்சள் தெரிந்தது.

மாமாவைக் குற்றம் சொல்ல முடியாது. சேவல் குஞ்சாக இருந்தபோது அவர் ஊரில் இல்லை. இழவு வீட்டு அலைச்சலில் யாரும் அவருக்கு அதைச் சொல்லவும் இல்லை. இப்போது வந்தால் கொழுத்த சேவல் ஒன்று அடுப்படிக்குள் வந்து தானாக நிற்கிறது. யாராயிருந்தாலும் பிடித்திருப்பார்கள். "முனிக்கு வெக்கிறத அப்பாவுக்கு வச்சுட்டோம், ரெண்டு பேரும் கூட்டாளிங்கதானே" என்று சிரிக்கப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு அவர் என் வயிற்றைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். எனக்கோ ஒரே ஒரு நினைப்புதான். தாத்தா முனியிடம் என் பிள்ளைக்காக வைத்ததை, அந்தப் பிள்ளையைச் சுமந்துகொண்டே நான் தின்றிருக்கிறேன். அதுவும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கி.

கணிதம் படித்தவளுக்கு இதெல்லாம் நம்பிக்கையா என்று கேட்கலாம். பகலில் இல்லை. பகலில் பின்னம் கற்றுக் கொடுக்கும்போது கோழிக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று தெளிவாகத் தெரியும். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். சொன்னவர் அன்றிலிருந்து வீட்டுக்குக் கோழி வாங்கி வருவதை நிறுத்திவிட்டார்.

கிளினிக்கில் பிரஷர் ஏறியிருக்கிறது என்றார்கள். மிட்வைஃப் மிஸ் நல்ல மனுஷி. "பய வென்ன எப்பா துவ" என்று மகளை அழைப்பதுபோல் அழைத்துத் தோளில் தட்டினார். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் கூடுகிறது. பிள்ளை அசைந்தால், ஏன் இப்படி அசைகிறது? அசையாவிட்டால், ஏன் அசையவில்லை? ஒரு நாள் மத்தியானம் வரைக்கும் அசைவே இல்லை. பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மெஷினை வைத்து இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். குதிரை ஓடுவது மாதிரி ஓடியது. பிள்ளை தூங்கியிருக்கிறதாம். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், இதை உடனே தாத்தாவிடம் சொல்ல வேண்டும், பாவம் பயந்திருப்பார் என்று போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

அம்மா இன்னொரு பக்கம் பூசாரியைப் பிடித்துக்கொண்டாள். பூசாரி தாத்தாவோடு ஸ்டோரில் வேலை செய்தவர்தான், எனக்கு அவரும் தாத்தா முறை. இப்படியொரு வழக்கு அவரிடம் அதற்கு முன் வந்ததில்லை. தலையைச் சொறிந்தார். அவர் அங்கேயே நின்று சட்டம் எழுதினார் என்றுதான் நினைக்கிறேன். போன சேவல் போனது, வேறு சேவலை மாற்றி நேர்ந்துவிடலாம், முனி ஏற்றுக்கொண்டால் குற்றமில்லை என்றார். ஆனால் யார் நேர்வது? நேர்ந்தவர் இல்லை. மாமாவுக்கு ஒரு வருஷம் தீட்டு. அம்மாவும் இழவு விழுந்த அதே வீட்டு அடுப்பில் சமைக்கிறவள்.

"யாருக்காக நேந்தாரோ அவ கையால நேரலாம். அவ வேற வீட்டுக்குப் போனவ" என்றார்.

"புள்ளத்தாச்சி முனி இருக்கிற எடத்துக்கு வரலாங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"அய்யோ, வரக் கூடாது."

"அப்ப யாரு நேர்றது?"

"அவதான்."

அம்மா இதைப் போனில் சொன்னபோது நான் சிரித்தேன். நான் போகாவிட்டால் சேவல் இல்லை. போனால் முனியின் பார்வை வயிற்றுப் பிள்ளை மேல் படும். தாத்தா இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் போய், "என்னய்யா இது, ஆளப் போட்டு அலைக்கழிக்கிற?" என்று சண்டை போட்டு முடித்துவிட்டு வந்திருப்பார். அவர் இல்லாத இடம் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் படத்தைப் பார்க்கும்போது தெரியவில்லை. பயம் வரும்போதெல்லாம் தெரிந்தது.

கடைசியில் பூசாரி ஒரு வழி கண்டுபிடித்தார். முனி இருக்கும் இடத்துக்கும் றோட்டுக்கும் நடுவில் ஒரு கான் ஓடுகிறது. நான் இந்தப் பக்கம் நின்று சேவலைத் தொட்டுக் கொடுத்தால் போதும், அவர் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போவார். கான் தாண்டாதவரை நான் வந்ததாகக் கணக்கில்லை.

சேவலைக் கொண்டுவரும் வேலையை மாமா தானே எடுத்துக்கொண்டார். அதே சிவப்பு, அதே கொண்டை, குறையில்லாமல் வேண்டும் என்று வத்தளையில் தெருத் தெருவாக அலைந்திருக்கிறார். அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். அவிசாவளை தாண்டியதும் அது கூவத் தொடங்கிவிட்டதாம். கண்டக்டர், "குக்குலாட்டத் டிக்கட் எகக் கன்ன" என்றிருக்கிறார். சேவலுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லி பஸ்ஸே சிரித்ததாம். இதைச் சொன்னபோது மாமா மட்டும் சிரிக்கவில்லை. மாமா மெலிந்துபோயிருந்தார். முளைத்த முடி பாதி வெள்ளையாக இருந்தது.

எட்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். என் வீட்டுக்காரர் ஆட்டோவை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டச் சொன்னார். அதைக் கேட்டதும் எங்களில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதல் நாள் பெய்த மழையில் கான் நிறையத் தண்ணீர் ஓடியது. ஸ்டோர் அன்று ஓடவில்லை. நான் கான் ஓரத்தில் நின்று சேவலின் முதுகைத் தொட்டேன். சூடாக இருந்தது. அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது கையில் தெரிந்தது. பாவம், அதுவும் பயந்துதான் இருந்தது.

பூசாரி வாங்கிக்கொண்டு போய்க் கல்லுக்கு முன்னால் பிடித்தார். கற்பூரம் கொளுத்தினார். மஞ்சள் தண்ணீரைச் சேவலின் தலையிலும் முதுகிலும் தெளித்தார். சேவல் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். தண்ணீர் பட்டால் எந்தக் கோழியும் சிலுப்பும் என்றுதான் நான் எப்போதும் சொல்வேன்.

அது சிலுப்பவில்லை.

கண்ணை இமைத்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. பூசாரி மறுபடியும் தெளித்தார். இல்லை. அம்மா வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா றோட்டில் தள்ளி நின்றார், தீட்டுக்காரர் கிட்டே வரக் கூடாது என்று. அவர் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. என் கைதான் மரத்துப்போயிருந்தது.

பூசாரி எங்கள் பக்கம் திரும்பினார். அவருக்கும் வியர்த்திருந்தது.

"முனி ஐயா கேக்குறாரு. நேந்தவரு வேற ஆளு, அந்த ஆளு எங்கன்னு கேக்குறாரு. யாராச்சும் பதில் சொல்லுங்க."

மாமா வாயைத் திறந்தார். பூசாரி கையைக் காட்டி நிறுத்தினார். அம்மாவும் சொல்லக் கூடாது. நான்தான் சொல்ல வேண்டும். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது, சத்தமாகச் சொல் என்றார்.

நான் மரியாதையாகச் சொல்லத்தான் நினைத்தேன். தெரியாமல் நடந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தச் சேவலை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஆட்டோவில் வரும்போதே மனதில் எழுதி வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அதில் ஒன்றும் வரவில்லை.

"தாத்தா வர மாட்டாருங்க" என்றேன்.

பூசாரி காதில் கை வைத்தார்.

"தாத்தா வர மாட்டாருங்க. தாத்தா செத்துப் போயிட்டாருங்க."

அதை அதற்கு முன் நான் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டபோதுகூட வீட்டில் ஒரு காரியம் என்றுதான் சொன்னேன். சொன்னதும் கான் ஓரத்துப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முகத்தைப் பொத்திக்கொண்டு, பிள்ளைத்தாச்சி இப்படி அழக் கூடாது என்று அம்மா கத்தக் கத்த, வாய் விட்டு அழுதேன். அன்றைக்குப் பெட்டியைத் தூக்கும்போது அழுதிருக்க வேண்டிய அழுகை அது. யாரோ வந்து என் தோளைப் பிடித்தார்கள். தீட்டு என்றும் பார்க்காமல் மாமாதான் வந்திருந்தார். "அழட்டும்க்கா, விடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அப்பா" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

ஆகவே சேவல் சிலுப்பியதை நான் பார்க்கவில்லை. கொண்டையிலிருந்து வால் வரைக்கும் சிலுப்பியது என்று அம்மா சத்தியம் செய்கிறாள். செம்புத் தண்ணீரை முழுசாகத் தலையில் ஊற்றினால் யார்தான் சிலுப்பாமல் இருப்பார்கள் என்று மாமா சொல்கிறார். என் வீட்டுக்காரரைக் கேட்டால், "நான் ஒன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்கிறார். நான் நிமிர்ந்தபோது பூசாரி அதன் காலில் மஞ்சள் நூலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பயம் அதோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கடைசி நாள் வரைக்கும் இருந்தது. பிரஷர் மறுபடியும் ஏறியது. ரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆப்பரேஷன் செய்து மகளை எடுத்தார்கள். எனக்குக் காட்டுவதற்கு முன்பே அவள் குரல் கேட்டது. கோபமான குரல். என்னைப் போட்டு இவ்வளவு அலைக்கழித்தவர்கள் யார் என்று கேட்பது மாதிரி இருந்தது.

வார்டுக்குக் கொண்டுவந்ததும் போன் வந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்குச் சொன்னோம். மாமாவுக்குச் சொன்னோம். என் வீட்டுக்காரர் வீட்டில் சொன்னோம், பள்ளிக்கூடத்துக்குச் சொன்னோம். மிட்வைஃப் மிஸ்ஸுக்குக்கூடச் சொல்லியாயிற்று. பிள்ளை என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். பத்திரமாகத்தான் இருந்தாள். ஆனாலும் இன்னும் யாருக்கோ சொல்லவில்லை, அவர் பதறிக்கொண்டு இருப்பார், சீக்கிரம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு அன்று முழுக்க மனசு அடித்துக்கொண்டே இருந்தது. யாருக்கு என்று எனக்குத் தெரியும்.